கோட்கூட்டமும் ஊழிநாளும்

உலகம் தோன்றி, நின்று, ஒடுங்கும் இயல்பினது என்பது சைவசித்தாந்தத்தின் முதற்றுணிபு. அவ்வொடுக்கம் இன்ன ஆண்டில், இன்ன திங்களில், இன்ன நாளில் நிகழும் எனக் கணித்து அறிவித்தல் அத்துணிபின்பாற் பட்டதன்று. முன்னையது, காரியமாய பொருள் தன் காரணத்தில் ஒடுங்கும் என்னும் அளவையால் துணியப்படுவது. பின்னையது, வானத்துக் கோள்களின் நிலையைக் காட்டி மாந்தர் கட்டி உரைப்பது. இவ்விரண்டனையும் ஒன்றெனக் கருதி, ஊழியை உடன்படுவோர் ஊழிநாளையும் உடன்படல் வேண்டும் என்று மயங்குவார் பலர். ஊழிநாள் பொய்த்தமை கண்டு ஊழியும் பொய்யே என்று இகழ்வார் சிலர். இருதிறத்தார் மயக்கமும் நீங்குதற்பொருட்டு, கோட்கூட்டம் பற்றி எழுந்த அழிவுநாள் அறிவிப்புக்களுள் வரலாற்றிற் பெயர்பெற்ற மூன்று ஈண்டு ஆராயப்படும். அவை 1186, 1524, 1962 என்னும் ஆண்டுகளுக்கு உரியன.

கொள்கையின் வரலாறு

கோள்கள் ஓரிடத்துக் கூடின் உலகிற்குக் கேடு விளையும் என்னும் கருத்து மிகப் பழையது. பாபிலோன் நாட்டுக் கோயிற்குருவாகிய பெரோசசு என்பார், கோள்களெல்லாம் கடகத்திற் கூடின் உலகம் தீயால் வேம் என்றும், மகரத்திற் கூடின் நீரால் அழியும் என்றும் உரைத்தார் என, கி. பி. முதல் நூற்றாண்டினராகிய உரோம நாட்டறிஞர் செனெகா எழுதிவைத்தனர். பாரத நாட்டுக் கணிதநூலாரோ கோட்கூட்டத்தைத் தொடக்கத்திற்கு அடையாளமாகக் கொண்டனர். கி. மு. 3102-இல் கலியுகம் பிறந்த காலத்துக் கோள்களெல்லாம் மேடத்தின் தலையில் ஒன்றுகூடி நின்றன எனக் கொண்டு, அதனை முதலாக வைத்தே அவர் தம் கணக்கினை வகுத்தனர். அது கணக்கிற்கு ஓரெல்லை வேண்டிப் பின்னோக்கிக் கணித்து அமைத்துக்கொண்டதேயன்றி, அந்நாளிற் கண்டு எழுதியதன்று. ஒரே நிகழ்ச்சி ஒரு நாட்டார்க்கு முடிவின் குறியாகவும் மற்றொரு நாட்டார்க்குத் தொடக்கத்தின் குறியாகவும் நின்றமை கருதற்பாலது.

கி. பி. ஒன்பதாம் நூற்றாண்டிற் பாக்தாத் நகரில் விளங்கிய அபூ மாஷர் என்னும் சோதிடர் இக்கொள்கையை விரித்து ஒழுங்குபடுத்தினார். வியாழன் வான்வட்டத்தைச் சுற்றிவர ஏறக்குறைய 12 ஆண்டும், சனி ஏறக்குறைய 30 ஆண்டும் ஆகும். ஆகலின் இவ்விரண்டும் ஏறக்குறைய 20 ஆண்டிற்கு ஒருமுறை கூடும். வியாழனுக்கு ஐந்து சுற்றும் சனிக்கு இரண்டு சுற்றும் நிரம்புவது 60 ஆண்டில் ஆதலின், மூன்று கூட்டம் நிகழ்ந்தபின் பழைய இடத்திற்கு அணித்தாகவே மீண்டும் கூடும். பிரபவ முதலாகிய அறுபதாண்டு வட்டத்தைக் கைக்கொண்டொழுகும் தமிழர்க்கு இக்கணக்கு எளிதின் விளங்கும்.

இதுகாறும் கூறியது கணிதம், அதன்கண் குற்றமில்லை. இதன்மேற் கட்டியதே ஆராயத்தக்கது. பன்னிரண்டு இராசிகளையும் நெருப்பு, நிலம், காற்று, நீர் என நான்கு பூதங்கட்கு மும்மூன்றாகப் பகுத்து, கோள்கள் காற்றிராசியிற் கூடின் சூறைக்காற்றும், நீரிராசியிற் கூடின் பெருவெள்ளமும் விளையும் என்றனர். காற்று என்று பெயரிட்டமையாற் காற்று வரும். நீர் என்று பெயரிட்டமையால் நீர் வரும். இட்ட பெயரே காரணமாகவும் பயனாகவும் மாறிய இடம் இதுவே. பின்வரும் மூன்று செய்திகளிலும் இவ்வொரு பிழையே நின்று உழலுதல் காணப்படும்.

துலாத்திற் கூடிய கோள்கள்

1186-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களிற் கோள்கள் துலாத்திற் கூடும் என்பது முன்னரே கணித்து அறியப்பட்டிருந்தது. துலாம் காற்றிராசி. ஆகவே உலகத்தை வாரிக்கொண்டு போகும் பெருங்காற்று எழும் என்னும் அச்சம் ஐரோப்பா முதற் பாரசீகம் ஈறாகப் பரந்தது. ஐரோப்பாவில், டொலேடோ நகரத்துச் சோதிடர் எழுதியது என்னும் பெயரால் ஒரு கடிதம் நாடுதோறும் உலாவியது. காற்றும் நிலநடுக்கமும் வரும் என்றும், மக்கள் மலைக்குகைகளிற் புகுந்து உய்தல் வேண்டும் என்றும் அஃது அறிவுறுத்தியது.

பாரசீக நாட்டில் அன்வரி என்னும் பெரும்புலவர் சோதிடத்தினும் வல்லவர் எனப் பெயர்பெற்றிருந்தார். அவரும் அக்காற்றினை முன்னறிந்து கூறினார் என்ப. மக்கள் நிலவறை தோண்டி அதனுள் ஒடுங்கினர். குறித்த நாள் வந்தது. அன்றிரவு பள்ளிவாயிற் கோபுரத்தின் உச்சியில் ஏற்றிவைத்த விளக்கொன்று சிறிதும் அசையாது நின்று எரிந்தது என்றும், அப்பருவத்தில் நெற்பொலி தூற்றுதற்கும் போதிய காற்று வீசவில்லை என்றும் பாரசீகர் கதை கூறுவர். கதையில் மிகை உளதாயினும், உலகை அழிக்கும் காற்று எழவில்லை என்பது மறுக்கலாகாத உண்மை. பிற புலவர் அன்வரியை எள்ளிப் பாடினர். பின்வந்தாருட் சிலரோ அவர்க்குப் பரிந்து, செங்கிசுகானின் தோற்றமே அக்கோட்கூட்டம் குறித்த சூறைக்காற்று என்று பொருள்மாற்றி உரைப்பாராயினர்.

டொலேடோக் கடிதத்தின் பின்வரலாறு ஏட்டாராய்ச்சியாளர் சிறப்பாக நோக்கற்குரியது. சொல்லிய ஆண்டு பொய்த்தவுடன் அக்கடிதம் மறைந்தொழிந்ததில்லை. ஆண்டு மாத்திரம் மாற்றப்பெற்று, ஏனைய வாசகம் பெரும்பாலும் முன்போலவே நிற்க, அடுத்த சில நூற்றாண்டுகளிலும் மீட்டும் மீட்டும் அது வெளிவந்தது. கோள்களைக் கணித்து எழுதிய ஓலையாயின், கோள்நிலை மாறிய வழி அதன் வாசகமும் மாறியிருத்தல் வேண்டும். நாள் மட்டும் மாற வாசகம் மாறாது நின்றமையால், அது கணிதத்தின் வழிப்பட்டதன்றி அச்சத்தின் வழிப்பட்டது என்பது தெற்றெனப் புலனாம்.

மீனத்திற் கூடிய கோள்கள்

செருமானிய நாட்டு டியூபிங்கன் நகரத்துக் கணிதப் பேராசான் யோகான் ஸ்டோப்ளர் என்பவரும், யாகோப் பிளௌம் என்பவரும் இயற்றிய பஞ்சாங்கம் 1499-இல் உல்ம் நகரில் அச்சிடப்பெற்றது. வருங்காலத்துப் பல ஆண்டுகளின் கோள்நிலைகளை அது முன்னரே கணித்துக் காட்டியது. அதன்கண், 1524-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் 20 கோட்சேர்க்கைகள் நிகழும், அவற்றுள் 16 நீரிராசியில் நிகழும் என்பதும், அவற்றால் உலகின் பெரும்பகுதிக்கும் எல்லா உயிர்கட்கும் பெரிய மாறுதல் உண்டாம் என்பதும் குறிக்கப்பட்டன. வெள்ளம் என்னும் சொல்லை அவர் ஆண்டு ஆண்டிலர். மாறுதல் என்று அவர் எழுதியதனைப் படித்தோர் பிரளயம் என்று வாசித்தனர். மூலத்தில் இல்லாத சொல்லை உரையிற் புகுத்தி, பின்னர் உரையையே மூலமாகக் கொண்டமை இவ்வச்சத்தின் வித்தாயிற்று. தாம் வெள்ளத்தை அறிவித்ததில்லை என ஸ்டோப்ளரே பின்னர் மறுத்து எழுதவேண்டியதாயிற்று.

அச்சுப்பொறி ஐரோப்பாவிற் பரவிய காலம் அது. ஐம்பதின் மேற்பட்ட ஆசிரியர்கள் நூற்றின் மேற்பட்ட சிறுநூல்களை இப்பொருள்பற்றி வெளியிட்டனர். அவையெல்லாம் அச்சத்தை வளர்த்தன என்று கொள்ளற்க. இத்தாலி நாட்டு மெய்ந்நூற்புலவர் அகஸ்டீனோ நிபோ என்பார் 1519-இல் வெள்ள அறிவிப்புப் பொய்யென நிறுவி ஒரு நூல் எழுதி ஐந்தாம் சார்லஸ் மன்னனுக்கு உரிமையாக்கினார். அச்சமூட்டுவோரும் அதனை மறுப்போரும் ஒருங்கே நூல் எழுதினர். இருவகை நூலும் விற்பனையாயின.

துலூஸ் நகரத்துச் சட்ட ஆசிரியர் ஆரியல் என்பார் வெள்ளத்திற்குத் தப்புதற்பொருட்டு மரக்கலம் ஒன்று சமைத்து வைத்தார் என்பது பிரெஞ்சு நாட்டிற் பரவிய கதை. இங்கிலாந்திலும் இத்தகையதொரு செய்தி வழங்கிற்று. இலண்டனில் புனித பார்த்தலோமியு மடத்தின் தலைவராகிய வில்லியம் போல்டன் என்பவர் வெள்ளத்திற்கு அஞ்சி ஹாரோ குன்றின்மேல் மனையெழுப்பி, இரண்டு திங்கட்கு வேண்டும் உணவும் சேர்த்துவைத்தார் என எட்வர்ட் ஹால் என்னும் வரலாற்றாசிரியர் எழுதினார். அவர்க்குப் பின்வந்த ஜான் ஸ்டோ என்பவர் தாம் 1598-இல் வெளியிட்ட இலண்டன் நகர வரலாற்றில் அதனை ஆராய்ந்து மறுத்தனர். போல்டன் ஹாரோ ஊர்க்கோயிற்கும் குருவாக இருந்தமையின், அக்குரு மனையைச் சிறிது பழுதுபார்த்தார் என்றும், புதிதாகக் கட்டியது ஒரு புறாக்கூடே என்றும் ஸ்டோ தெளிவித்தார்.

இஃது இருபுறமும் கூர்மையுடைய படிப்பினை. அழிவுநாளை நம்பினோர் ஆராயாது நம்பினர். அவர்தம் மடமையை நகைத்தோரும் அம்மடமைபற்றிய கதைகளை ஆராயாதே நம்பினர். புறாக்கூடு நகையாட்டினால் மலைக்கோட்டையாயிற்று. ஐயுறுதல் பிறர் கொள்கையின்மேல் மாத்திரம் செல்லாது, அக்கொள்கையை இழித்துரைக்கும் செய்திகளின்மேலும் ஒப்பச் செல்லுதல் வேண்டும். அங்ஙனம் செல்லாதது ஐயம் அன்று, பகை.

பிப்ரவரித் திங்கள் வந்தது, கழிந்தது, உலகம் நீரில் மூழ்கவில்லை. அவ்வாண்டிலும் அதற்கடுத்த ஆண்டிலும் செருமானிய நாட்டிற் குடியானவர் பெருங்கலகம் எழுந்தது. உடனே, கோள்கள் குறித்தது இக்கலகத்தையே என்பாரும் தோன்றினர். நூரம்பர்க் நகரில் ரைன்மன் என்பவர் வெளியிட்ட சிறுநூலின் முகப்பில், வயிற்றிற் கோள்களையுடைய பெருமீன் நீரைக் கொட்டுவதும், குடியானவர் ஒருபுறமும் பேரரசரும் குருமாரும் மற்றொருபுறமும் நிற்பதும் ஓவியமாக அமைந்திருந்தன. வெள்ளம் வந்திருப்பின் அவ்வோவியம் வெள்ளத்திற்குச் சான்றாம். கலகம் வந்தமையின் கலகத்திற்குச் சான்றாயிற்று. எது நிகழினும் சான்றாவது எதற்கும் சான்றாகாது.

மகரத்திற் கூடிய கோள்கள்

மூன்றாவது செய்தி நம் நாட்டிலேயே நிகழ்ந்தது. பிலவ ஆண்டு தைத்திங்களில், 1962 பிப்ரவரி 3 முதல் 5 வரை, ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி, கேது என்னும் எட்டும் மகரத்திற் கூடின. இதனை அட்டக்கிரகச் சேர்க்கை என்றனர். உலகம் அழியும் என்றும், பெரும்போர் மூளும் என்றும், நிலம் நடுங்கும் என்றும் பலவாறு பேசப்பட்டது. நாட்டின் பல பகுதிகளிற் பெருவேள்விகள் செய்யப்பெற்றன. பயணத்தையும் மங்கலவினைகளையும் தள்ளிவைத்தார் பலர். தலைமையமைச்சர் சவகர்லால் நேரு இவ்வச்சத்தை நகைத்து ஒதுக்கினார்.

கூட்டம் நிகழ்ந்தது உண்மை. அஃது எவ்வாறு நேர்ந்தது என்பதனை நோக்குக. தைத்திங்கள் என்பதே ஞாயிறு மகரத்தில் நிற்கும் காலம். தை அமாவாசையில் ஆண்டுதோறும் திங்களும் ஞாயிற்றோடு கூடும். புதன் ஞாயிற்றினின்று 28 பாகைக்கு மேலும், வெள்ளி 47 பாகைக்கு மேலும் விலகமாட்டா. ஆகலின் அவையும் அடுத்துவருதல் இயல்பு. வியாழனும் சனியும் 1961-இல் கூடின. மறு தையிலும் அவை மகரத்தைக் கடந்தில. செவ்வாய் ஒன்றே வந்து சேரவேண்டியது. கேதுவோ ஒரு கோளன்று. திங்களின் வழியும் ஞாயிற்றின் வழியும் வெட்டும் புள்ளி. திங்கள் ஓரிராசியைக் கடப்பதற்கு இரண்டேகால் நாள் ஆகும். பிப்ரவரி 3 முதல் 5 வரை என்னும் எல்லை அவ்விரண்டேகால் நாளே. 5-ஆம் நாள் நியூகினியாவிலும் பசிபிக் பெருங்கடலிலும் முழுச்சூரிய கிரகணமும் கணித்தவாறே காணப்பட்டது. கணக்கு ஒரு நாழிகையும் பிழையாமை கண்ட மக்கள், பலனும் அங்ஙனமே பிழையாது என்று எண்ணினர். கணிதத்தின் மெய்ம்மையைப் பலன் கடனாகப் பெற்றுக்கொண்டது என்க.

அன்றியும், இக்கூட்டம் மகரத்தில் நிகழ்ந்தது என்பது நம் நாட்டு நிராயன முறைக்கே பொருந்துவது. மேலைநாட்டார் கொண்ட சாயன முறைக்கும் இதற்கும் ஏறக்குறைய 23 பாகை வேறுபாடு உண்மையின், அவர்க்கு இக்கோள்கள் நின்ற இடம் கும்பம். ஆதலின் அவருட் சிலர் கும்பயுகம் பிறந்தது என்று மகிழ்ந்தனர். மகரம் நிலவிராசி, கும்பம் காற்றிராசி, பெரோசசின் கொள்கைப்படி மகரக் கூட்டம் வெள்ளத்திற்கு அறிகுறி. வானத்தில் நின்ற கோள்கள் ஒன்றே. நிலம் நடுங்குதலோ, காற்று வீசுதலோ, நீர் பெருகுதலோ, புதுயுகம் பிறத்தலோ எது பயன் என்பதனை அக்கோள்கள் துணியவில்லை. எண்ணத்தொடங்கும் இடமும் இட்ட பெயருமே துணிந்தன.

அம்மூன்று நாளும் கழிந்தன. அதே திங்களில் நாடு மூன்றாம் பொதுத்தேர்தலில் வாக்களித்தது. அவ்வாண்டு அக்டோபரில் சீனப்படையெடுப்பு நிகழ்ந்தபொழுது, அட்டக்கிரகம் காட்டியது இதுவே என்று கூறுவாரும் எழுந்தனர். செங்கிசுகானையும் குடியானவர் கலகத்தையும் காட்டினோர் சென்ற வழி இதுவேயாம்.

அளவையால் ஆராய்தல்

இனி, இவ்வறிவிப்புக்கள் கருதலளவையின்பாற் படுமா என்பது நோக்கற்பாலது. புகை கண்டவழி நெருப்பு உண்டெனத் துணிதற்கு, புகையுள்ளவிடத்தெல்லாம் நெருப்புண்டு என்னும் அன்னுவயமும், நெருப்பில்லாதவிடத்துப் புகையும் இல்லை என்னும் வெதிரேகமும் வேண்டும். கோட்கூட்டம் உண்டாயவழி அழிவும் உண்டு என்னும் அன்னுவயம் 1186-இலும், 1524-இலும், 1962-இலும் முறிந்தது. இனி வெதிரேகம் நோக்குக. 2004 டிசம்பர் 26-இல் சுமத்ராவை அடுத்த கடலடியில் நிலம் பெயர்ந்தமையால் எழுந்த ஆழிப்பேரலை, நாகப்பட்டினம் முதலிய தமிழ்க்கரைகளிலும் ஈழக்கரையிலும் எண்ணிறந்த உயிர்களைக் கொண்டுபோயிற்று. அந்நாள் பௌர்ணமி. பௌர்ணமியில் ஞாயிறும் திங்களும் எதிரெதிர் இராசிகளில் நிற்பனவாகலின், எட்டும் ஓரிராசியிற் கூடுதல் அன்று இயலவே இயலாது. கூட்டம் உள்ளவழி அழிவு இன்மையானும், கூட்டம் இல்லாதவழிப் பேரழிவு உண்மையானும், இவ்வேது ஏதுப்போலியாம்.

அற்றேல், எட்டுக் கோள்கள் ஒருங்கே ஈர்த்தலால் பூமி நிலைகுலையாதோ எனின், குலையாது, என்னை? ஓரிராசியிற் கூடுதல் என்பது பூமியிலிருந்து நோக்குவார்க்கு ஒரு திசையிற் காணப்படுதலே. ஓரிடத்து வந்து சேர்தலன்று. அன்று திங்கள் 4 இலட்சம் கிலோமீட்டர் அளவிலும், ஞாயிறு 15 கோடிக் கிலோமீட்டர் அளவிலும், சனி 160 கோடிக் கிலோமீட்டருக்கு அப்பாலும் நின்றன. கடலை ஏற்றி வற்றச்செய்யும் ஈர்ப்பு வேறுபாடு தொலைவின் முப்படியிற் குறைவது. வெள்ளி பூமிக்கு மிக அணித்தாக வருங்காலத்தும், அதன் இவ்வாற்றல் திங்களின் ஆற்றலிற் பதினாயிரத்தில் ஒரு கூறும் ஆகாது. 1962-இலோ செவ்வாய், வெள்ளி, வியாழன், சனி என்னும் நான்கும் ஞாயிற்றுக்கு அப்பாலே நின்றன. அவை பூமிக்கு மிகச் சேய்மையில் நின்ற நாட்களையே மிக அஞ்சத்தக்க நாட்களாக மக்கள் கருதினர்.

பழைய யுகக்கணக்கையே பற்றுக்கோடாகக் கொள்வார்க்கும் அவ்வச்சத்திற்கு இடமில்லை. கலியுகத்தின் அளவு 4,32,000 ஆண்டு. பிலவ ஆண்டளவிற் கழிந்தவை 5,062, எஞ்சியவை 4,26,938. பஞ்சாங்கத்தின் முதற்பக்கத்தில் இவ்வெண்ணை வைத்துக்கொண்டே அதன் உட்பக்கத்திலுள்ள கோட்கூட்டத்திற்கு நடுங்கினர்.

சித்தாந்தத்தின் நிலை

வினைப்பயனை அறிந்து உயிர்கட்கு ஊட்டுவான் முதல்வனே என்பதும், அறிவிலவாகிய சடப்பொருள்கள் தாமே அறிந்து ஊட்டமாட்டா என்பதும் சித்தாந்தம். சங்காரமும் சினத்தாற் செய்யப்படுவதன்று. பிறந்திறந்து இளைத்த உயிர்களின் இளைப்பு ஆற்றுதற்பொருட்டு நிகழும் அருட்செயலாம். அதனைச் சில கோள்களின் கையிற் கொடுத்து, நாளும் குறித்து, அச்சப்பொருளாக்குதல் முதல்வன் செயலைச் சடத்திற்கு ஏற்றியதாய் முடியும்.

திருஞானசம்பந்தப் பெருமான் திருமறைக்காட்டினின்று மதுரைக்கு எழுந்தருளத் தொடங்கியபொழுது, கோள்நிலை தீதென்று திருநாவுக்கரசர் தடுத்தருளினார் என்பதும், அப்பொழுது கோளறு திருப்பதிகம் எழுந்தது என்பதும் பெரியபுராணத்தால் அறியப்படும். கோள்கள் அன்று நின்ற நிலையைப் பிள்ளையார் பொய்யென்று மறுத்தாரல்லர். அந்நிலை தம் கடமையைத் தடுக்கும் என்பதனையே மறுத்தார். மறுத்து வாளா இருந்தாரும் அல்லர், மதுரைக்குப் புறப்பட்டார்.

இன்னும் வருங்காலத்தும் கோள்கள் கூடும். நாள் குறிப்பாரும் தோன்றுவர். அப்பொழுது கேட்கவேண்டிய வினாக்கள் மூன்று. கணக்கு மெய்யாயினும், அதினின்று பயனுக்குச் சென்ற வழி யாது? மூலத்தில் எழுதியது எது, அதனைச் சொல்வோர் கூட்டியது எது? குறித்த நாள் கழிந்தால் சொன்னதைச் சொன்னவர் பொய்யென ஏற்பாரா, பிறிதொரு நிகழ்ச்சியைத் தேடிப் பொருத்துவாரா? இவற்றிற்கு விடை இல்லாதவழி, மறுநாட்குரிய கடமையை மறுநாளே செய்தல் அறிவுடையார்க்குக் கடனாம்.